ஆனந்தன் இருந்த பட்டாளம்

பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தவனைப் பேச விட்டுப் பார்க்க வேண்டும். பொழுது போவதே தெரியாது. நாற்பத்தாறாம் வருஷம் வெயில் காலத்தில், ஆவடி மிலிட்டரி டிப்போவுக்கு எதிரே இருந்த புங்கமரத்தடியில் தினமும் பகல் சாப்பாட்டு வேளைக்கு இந்தக் கச்சேரிதான். சண்டை முடிந்து சர்க்கார் வீட்டுக்கு அனுப்பிவிட்ட ஆட்கள், அதே டிப்போவில் மூட்டை தூக்கவும் பெட்டி அடுக்கவும் கூலிக்கு வந்துகொண்டிருந்தார்கள். கையில் கூழ்ச் சொம்பு, வாயில் பர்மா.

ஜெயபால் சாப்பர், அதாவது பாலம் போடுகிற பட்டாளம். அதைச் சொல்லும்போதே மீசை தானாக மேலே போகும். "நாங்க பாலம் போடலன்னா எவன் ஆத்தத் தாண்டியிருப்பான்? பாலத்த முடிச்சதும் எங்களத்தான் அதுக்கு அடியில நிக்க வெப்பாரு துரை. மேல டாங்கிய ஓட்டிப் பாப்பாரு. உழுந்தா போட்டவன் தலையில உழட்டும்னு!"

"அந்தப் பாலத்த நம்பி நான் லாரி ஓட்டினேன் பாரு, மெடல் எனக்குத்தான் குடுக்கணும்" என்பான் வரதன். சப்ளைப் பட்டாளத்து டிரைவர். மணிப்பூர் மலைப்பாதையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்க ஓட்டினதாகச் சொல்லுவான். வாரா வாரம் அந்தப் பள்ளம் இன்னும் கொஞ்சம் ஆழமாகிக்கொண்டே போகும்.

"நூறு பால் டின்னு ஏத்தினா தொண்ணூறுதான் எங்களுக்கு வந்து சேரும். பத்து எங்கடா போச்சு?" என்பான் ஜெயபால்.

"ரோடு மோசம் மாமே. குலுக்கல்ல உழுந்துடும்."

இந்த இரண்டு பேரும் ஒற்றுமையாக இருப்பது ஒரே ஒரு விஷயத்தில்தான். பயோனீர் கம்பெனியில் மண் வெட்டின மதுரைவீரனைக் கூலிப் பட்டாளம் என்று கேலி பண்ணுவதில். மதுரைவீரன் கோபித்துக்கொள்ளவே மாட்டான். "கூலிதான் நைனா. துப்பாக்கி நாலு பேருக்கு ஒண்ணு, மம்முட்டி ஆளுக்கு ஒண்ணு. ஜப்பான்காரன் வந்தா இன்னா பண்றதுன்னு எங்க சுபேதார கேட்டேன். பள்ளம் தோண்டி ஒளிஞ்சிக்கடா, உனக்குத்தான் தோண்டத் தெரியுமேன்னாரு" என்று சொல்லித் தானே முதலில் சிரிப்பான்.

ஆனந்தன் மட்டும் வாயைத் திறக்க மாட்டான். மண்ணூர்பேட்டைக்காரன், அம்பத்தூரில் ரயிலேறி வருவான், வந்த வேலையைப் பார்ப்பான், போவான். நீ எந்தப் பட்டாளம் என்று கேட்டால் "ஸ்டோர்" என்பான். ஸ்டோரில் என்ன? "ஸ்டோர்தான்." சோப்பும் பூட்சும் எண்ணிக்கொண்டிருந்த ஆள் போலிருக்கிறது என்று அவர்களும் விட்டுவிட்டார்கள்.

அவன் ஸ்டோரில் இருக்கவில்லை. சண்டை முடிந்த இடத்துக்குப் பின்னாலேயே போய், செத்துக் கிடப்பவர்களைத் தேடி எடுத்து, யார் எவர் என்று எழுதிவைத்து, புதைக்கிறவர்களைப் புதைத்து எரிக்கிறவர்களை எரிக்கிற பட்டாளம் ஒன்று இருந்தது. அதில் இருந்தான். அவன் கேட்டா போனான்? போ என்றார்கள், போனான். அந்தப் பட்டாளத்துக்குக் கதையும் கிடையாது, மீசை முறுக்கலும் கிடையாது. ஒரு நாள் வரதன் சொன்னான்: "ஒரு தபா பொணப் பட்டாளத்து ஆளுங்கள வண்டில ஏத்திக்கினு போனேன். ரெண்டு நாளு கழுவியும் கலீஜு போவல. அவனுங்க தொட்ட சொம்புல நான் தண்ணி குடிப்பேனா? சீ!" எல்லோரும் சிரித்தார்கள். ஆனந்தன் கையில் இருந்தது வரதனுடைய சொம்பு. மெதுவாகக் கீழே வைத்தான்.

வீட்டிலும் ஸ்டோர்தான். பெண்டாட்டி முத்தம்மாளுக்கு ஏழு மாசம். இரண்டு பிள்ளைகள் தங்காமல் போய், இது மூன்றாவது. ஊரில் யாராவது செத்தால் அந்தத் தெருப்பக்கமே போகக்கூடாது என்று அவளைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட வீட்டில் போய், நான் நூற்றுக்கணக்கில் பிணம் தூக்கினவன் என்று எந்த வாயால் சொல்லுவான்? ஊருக்கு வந்த நாளாக உள்ளங்கையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தான், பாவம்.

மரத்தடியில் கூழ் விற்ற அம்மா வெள்ளானூர்க்காரி. அவளை எல்லோரும் கூழம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக யார் வந்தாலும் சொம்பில் கூழை ஊற்றிவிட்டு ஒரே கேள்வி கேட்பாள்: "நீ எந்தப் பட்டாளம்ப்பா? பயோனீர் கம்பெனி பரந்தாமனைப் பாத்தியா? என் ஊட்டுக்காரரு." காணவில்லை என்று சர்க்கார் காகிதம் வந்து இரண்டு வருஷம். செத்தார் என்றும் எழுதவில்லை, இருக்கிறார் என்றும் எழுதவில்லை. நெற்றியில் குங்குமம் மட்டும் ஒரு நாள் தவறாது. அவள் அப்படிக் கேட்கும்போது மட்டும் நம் வீரர்கள் கேலி கிண்டலையெல்லாம் சுருட்டி வைத்துவிடுவார்கள். "எந்த ஆஸ்பத்திரிலயாவது இருப்பாரும்மா, வந்துடுவாரு" என்று ஜெயபால் வாரம் ஒரு தடவையாவது சொல்லுவான்.

ஆனி மாசம் ஒரு நாள் மதுரைவீரன் கேட்டான்: "எங்க ஆளுங்க ஆயிரம் பேரு கூழம்மா. அடையாளம் ஏதுனா சொல்லேன், விசாரிச்சுப் பாக்குறேன்."

"வலது கையில பச்ச குத்திக்கினு கீறாருப்பா. தை அமாவாசைக்கு திருவள்ளூர் போனப்போ, கொறத்தி கிட்ட கைய நீட்டிட்டாரு. தாமரப்பூ ஒண்ணு போட்டு, அதுக்குக் கீழ என் பேரு. பூங்காவனம்னு." சொல்லும்போதே அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது.

ஆனந்தன் பாதிக் கூழோடு எழுந்து டிப்போவுக்குள் போய்விட்டான்.

அந்தக் கையை அவன் பார்த்திருக்கிறான். இம்பால் பக்கம், மழைக்காலம். கழுத்தில் இருக்க வேண்டிய பேர் வில்லை இல்லாத ஒரு உடம்பு. துரை கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். தமிழ் படிக்கத் தெரிந்தவன் ஆனந்தன் ஒருவன்தான். பூங்காவனம் என்று படித்தான். துரை அதையே செத்தவன் பேராக எழுதிக்கொண்டார். இது பெண்டாட்டி பேராக இருக்கும் துரை என்று சொல்ல ஆனந்தனுக்கு நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் பேரை அடித்துவிட்டு, ஆள் தெரியவில்லை என்று எழுதுவார். அப்படி எத்தனையோ பேர். பேரே இல்லாமல் போவதைவிட ஏதோ ஒரு பேரோடு போகட்டுமே என்று பேசாமல் இருந்துவிட்டான். நல்லதுதான் நினைத்தான். அந்த நல்லது ஒருத்தியை இரண்டு வருஷம் ரோட்டில் உட்கார வைத்து, வருகிறவன் போகிறவன் முகத்தையெல்லாம் பார்க்க வைத்துவிட்டது.

மூன்று நாள் ஆனந்தன் மரத்தடிக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்று டிப்போவுக்குள்ளேயே கிடந்தான். மூன்றாம் நாள் சாயங்காலம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தானே தவிர, ஒரு வாய் வைக்கவில்லை.

"இன்னாய்யா ஆச்சு உனக்கு?" என்றாள் முத்தம்மாள்.

சொல்லிவிட்டான். பட்டாளம், பிணங்கள், பச்சை குத்தின கை, கூழம்மா, ஒன்றையும் மறைக்கவில்லை. முத்தம்மாளின் கை தன்னால் வயிற்றின் மேல் போனது. "இந்தக் கையாலயா எனக்குப் பூ வாங்கியாந்து வெச்ச?" என்றாள். அவ்வளவுதான். எழுந்து போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். போச்சு, இந்தக் குடும்பம் இன்றோடு முடிந்தது என்றே ஆனந்தன் நினைத்தான்.

காலையில் ரயிலுக்குக் கிளம்பும்போது அவள் வாசலுக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. "தாலிய கட்டிக்கினு ஒருத்தி அங்க தவிச்சிக்கினு கீறா. என் ஊட்டுக்காரன் அத தெரிஞ்சிக்கினு ஊமையா இருந்தான்னா, அந்தப் பாவம் என் புள்ளைக்கு வாணாம். போய்ச் சொல்லு. சொல்லிட்டு ஏரில தல முழுவிட்டு உள்ள வா."

அன்று பகல் ஆனந்தன் மரத்தடியில் உட்காரவே இல்லை. நின்றபடியே சொன்னான்: "யம்மா, நான் ஸ்டோர்ல இல்ல. வரதன் சொன்னானே பொணப் பட்டாளம், அதுல இருந்தேன்."

வரதன் தன் சொம்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். "த்தூ, சும்மா குந்துடா" என்று மதுரைவீரன் வரதனை அதட்டினான்.

"உன் ஊட்டுக்காரர நான் பாத்தேம்மா. தாமரப்பூ, அதுக்குக் கீழ உன் பேரு. அது அவரு பேருன்னு துரை எழுதினாரு. நான் தெரிஞ்சும் வாயத் தொறக்கல. பொண்டாட்டி பேரா இருக்கும்னு சொல்லியிருந்தா, கம்பெனி புஸ்தகத்துல யாரு பொண்டாட்டின்னு தேடியாவது உனக்கு அப்பவே சொல்லியிருப்பாங்க. தப்பு என்னுதுதான்."

பூங்காவனம் கையில் இருந்த அகப்பையைப் பானைக்குள் விட்டாள். அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எல்லோரும் பயந்தார்கள். அவள் அடிக்குரலில் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"உடம்பு முழுசா இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"பொதச்சாங்களா, எரிச்சாங்களா?"

"எரிச்சோம்."

"கொள்ளி யாரு வெச்சது?"

"நான்தான்."

அவள் அவனுடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "வாய்க்கரிசியாவது போட்டீங்களாப்பா?"

போட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனந்தனுக்கு இனிமேல் ஒரு பொய்கூடத் தாங்காது.

"அரிசி இல்லம்மா. மூணு நாளா ரேஷன் வரல. என் பையில ரெண்டு பிஸ்கோத்து இருந்துச்சு. அத நுணுக்கி வாயில போட்டேன்."

"இன்னா பிஸ்கோத்து?"

"சக்கரபாரான்னு குடுப்பாங்கம்மா. தித்திப்பா இருக்கும்."

"தித்திப்பா?" என்றாள் பூங்காவனம். "அவருக்குத் தித்திப்புன்னா உசுருப்பா." அதற்கப்புறம்தான் அழுதாள்.