உசோமா வீட்டு முதல் போணி

ஆப்பிரிக்காவின் கோடீஸ்வரர்கள் எல்லோரும் உசோமாவின் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தால் இன்னும் பத்து மடங்கு பெரிய கோடீஸ்வரர்களாகியிருப்பார்கள். இல்லாவிட்டால் முதல் நாளே பசி தாங்காமல் சுவரேறிக் குதித்திருப்பார்கள். அந்த வீட்டில் இன்னொரு துண்டு மீன் வேண்டுமென்றால் கேட்டால் மட்டும் கிடைக்காது. அது ஏன் உன் தட்டுக்கு வரவேண்டும் என்று பேசி ஜெயிக்க வேண்டும்.

"வளர்ற பையன்மா" என்று ஒருமுறை மகன் ஒலிசா கையேந்தினான்.

"மீனும் வளந்துதான்டா வந்திருக்கு. வேற சொல்லு."

அபா நகரத்து அரியாரியா சந்தையில் ஜிப்பும் பொத்தானும் விற்பவள் உசோமா. விடுமுறை விட்டதும் பிள்ளைகளை வியாபாரத்தில் இறக்கிவிடுவாள். பதினாறு வயது ஒலிசா பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் பஞ்சர் கடை, மிச்ச நேரமெல்லாம் குறும்பு. அவனை அவள் எப்போதோ தண்ணீர் தெளித்து விட்டாயிற்று. இந்த வருஷம் ஒன்பது வயது மகள் சிம்தியின் முறை. வறுத்துத் தோலெடுத்த கடலையைப் பாட்டில்களில் அடைத்து, வாசலில் மேசை போட்டு அவளை உட்கார வைத்தாள். வெள்ளிக்குள் மேசை காலியானால் சனிக்கிழமை சந்தைக் கடையில் அம்மா பக்கத்தில் உட்காரலாம். சிம்திக்கு அதுதான் கனவு. சந்தைக்குப் போடும் கவுனைத் திங்களன்றே துவைத்துத் தலையணைக்கடியில் மடித்து வைத்துவிட்டாள்.

சாயங்காலம் பயிற்சி. உசோமாவே வாடிக்கையாளராக மூக்கைச் சுளித்துக்கொண்டு வருவாள்.

"ஏம்மா, இத்தனூண்டு பாட்டிலுக்கு இந்த விலையா? அநியாயமா இருக்கே!"

"ஆமா ஆன்ட்டி" என்றாள் சிம்தி.

"அடிப்பாவி! ஆமான்னா சொல்வே?"

"நீங்கதானேம்மா பெரியவங்க பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசக் கூடாதுன்னீங்க?"

உசோமா வாசலுக்குத் திரும்பிப் போய், மூக்கைச் சுளித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து வந்தாள்.

புதன்கிழமை வரை ஒரு பாட்டில்கூட நகரவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சிம்தி விசும்புவதை ஒலிசா பார்த்தான். "கடலைக்கு உப்புப் பத்தலேன்னு கண்ணீர் விடுறியா?" என்றான். செருப்பு பறந்து வந்தது. குனிந்து தப்பியவன், நேராக எதிர் வீட்டுக் கெசியா அக்காவிடம் போனான்.

கெசியா ஒக்பா என்னும் ஆவியில் வேகவைத்த பயற்றுமாவுப் பலகாரம் விற்பவள். காலையில் வரும் முதல் ஆள் வாங்காமல் திரும்பினால், தெருமுனை வரை துரத்திப் போய்ப் பாதி விலைக்காவது அவன் கையில் திணித்துவிட்டு வருவாள். போணி கெட்டால் அன்றைக்குப் பிழைப்பே கெட்டது என்பது ஒரே முற்றத்தைச் சுற்றிக் குடியிருந்தவர்கள் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை.

ஒலிசா குரலைத் தாழ்த்தினான். "அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எங்க சிம்திக்கு கைராசி. காலங்காத்தால ஒரு ஆட்டோக்காரர் அவகிட்ட கடலை வாங்கிட்டுப் போனார். மத்தியானம் வரைக்கும் சவாரி நிக்கவே இல்லையாம்."

"நெசமாவா? உன் வாயில உண்மையே வராதேடா!"

"அப்ப நம்பாதீங்க. எனக்கென்ன."

வியாழன் காலை கெசியா ஒரு பாட்டில் வாங்கினாள். அன்று ஒக்பா ஒன்பது மணிக்கே தீர்ந்தது. அடுத்த தெருவில் கல்யாணம் என்பதை யாரும் யோசிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மேசைமுன் கூட்டம்.

சந்தைக்குக் கிளம்பிய உசோமா கதவருகே நின்றாள். ஒருத்தி பேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

"கைராசிங்கிறதுக்காக இந்த விலையா?"

சிம்தி ஒரு பாட்டிலைத் திறந்து நீட்டினாள். "கைராசியெல்லாம் எனக்குத் தெரியாது ஆன்ட்டி. கடலை ஒண்ணுகூடக் கருகல. அது தெரியும். வேணா ரெண்டு தின்னு பாருங்க, அப்புறம் விலை பேசுவோம்."

வந்தவள் தின்றாள். பேரம் பேசாமல் இரண்டு பாட்டில் வாங்கினாள். உசோமா அன்றைக்குச் சந்தைக்குத் தாமதமாகத்தான் போனாள்.

சனிக்கிழமை விடிந்ததும் சிம்தி கவுனை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். உசோமா பஞ்சர் கடைப்பக்கம் வந்தாள். ஒலிசா ஒரு டயருக்குள் தலையை விட்டிருந்தான்.

"கைராசின்னு கிளப்பிவிட்டது யாருடா?"

"ஊர்ல என்னென்னமோ பேசிக்கிறாங்கம்மா. நான் பாவம்."

"நீ ஒரு குறும்பு பண்ணினா எவளாவது அழுதுக்கிட்டு என் வாசல்ல வந்து நிப்பா. இந்த வாரம் ஒருத்தியும் வரல, அழுதுக்கிட்டிருந்த உன் தங்கச்சியும் அழுகைய நிறுத்திட்டா. அதுலதான்டா மாட்டிக்கிட்டே."