கோட்டு போட்ட தோசை மாவு

"அந்த பாஷைய கத்துக்கினு ஜோகுபாளையத்துல இன்னாடி பண்ணப்போற?" என்று அத்தை ஒருமுறை கேட்டாள். அப்பாவின் அக்கா, பெங்களூர் ஜோகுபாளையத்துக்காரி. கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

இந்த வருஷம் தை பிறந்த பிறகும் பெங்களூரில் குளிர் போகவில்லை. போன வாரம் ஜீவனஹள்ளியில் எங்கள் வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தால், அடுப்பு மேடையில் யாரோ பச்சைக் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. தோசை மாவுப் பாத்திரம்தான். அப்பாவின் பழைய ராணுவக் கோட்டை அதற்குப் போர்த்தி, கைகள் இரண்டையும் முன்னால் இழுத்து முடிச்சுப் போட்டிருந்தாள் அம்மா. குனிந்து முகர்ந்தேன். டீசல், விறகுப் புகை, புளித்த மாவு. இந்த மூன்றும் கலந்த வாசனை உங்களுக்கு எதை நினைவூட்டுமோ தெரியாது. எனக்கு அதுதான் பூடான்.

அப்பா ராணுவத்தில் வண்டி ஓட்டியவர். பத்தாவதோடு படைக்குப் போய்விட்டார். அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லை. நான் எட்டாவது சேர வேண்டிய நேரத்தில், பூடானில் ஹா என்கிற மலை ஊரிலிருந்த நம் ராணுவ முகாமுக்கு அப்பாவை மாற்றினார்கள். குடும்பத்தையும் கூட்டிப்போகலாம்.

"இன்னாடா இது, ஊரு பேரே கொட்டாவி உட்ற மாதிரி கீது?" என்றாள் அத்தை. "பொண்ண இங்க உட்டுட்டுப் போ. தையல் கத்துக்கட்டும். நாளைக்கு கார்மெண்ட்ஸ்ல சேத்துடலாம்."

அப்பாவுக்கு அக்கா பேச்சைத் தட்டவும் முடியாது, என் முகத்தைப் பார்க்கவும் முடியாது. "ஒரு வருஷம் பாக்கலாங்க்கா. பெயிலாச்சுன்னா இங்கயே அனுப்பிடறேன்" என்று நடுவில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோட்டின் மேல்தான் நான் ஒரு வருஷம் நடந்தேன்.

ராணுவக் குடும்பம் என்றால் வீட்டில் கருப்பு இரும்புப் பெட்டி இருக்கும். மூடியில் வெள்ளை பெயின்டில் அப்பாவின் படை எண், பதவி, பெயர், போகிற ஊர். மாற்றல் வரும்போதெல்லாம் பழைய ஊரின் மேல் கருப்பைப் பூசிப் புது ஊரை எழுதுவார்கள். அம்மா பெயரும் என் பெயரும் அதில் இருக்காது. பெட்டிக்குள் போகிற பருப்பு, பாத்திரம் மாதிரி நாங்களும் அப்பாவின் சாமான் கணக்கில்தான் சேர்த்தி.

ஹாவில் உள்ளூர்ப் பள்ளிக்கூடம்தான். சீருடை கிரா. உடம்பில் சுற்றிக் கட்டும் நீளத் துணி. துணியைப் பார்த்ததும் அம்மாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. புடவை கட்டத் தெரிந்தவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? முன்னால் அழகாகக் கொசுவம் வைத்து, ஊசி குத்தி, முந்தானை மாதிரி ஒரு மூலையைத் தோளிலும் போட்டு அனுப்பினாள். காலைப் பிரார்த்தனையில் மொத்தப் பள்ளிக்கூடமும் கடவுளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தது. பக்கத்தில் நின்ற பெண் என்னைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இழுத்துப்போனாள். "கல்யாணத்துக்கா வந்திருக்கே?" என்று இந்தியில் கேட்டுக்கொண்டே எல்லா ஊசிகளையும் பிடுங்கி, துணியைச் சுற்றி, மூச்சு முட்ட இடுப்புப் பட்டையை இறுக்கினாள். அவள்தான் பேமா.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா நம்பவே இல்லை. "கொசுவமே கெடையாதா? அப்புறம் எதுக்கு அம்மாம் துணி?"

சிரிப்பெல்லாம் முதல் பருவத் தேர்வு வரைக்கும்தான். அந்த ஊர் மொழி ஜோங்க்கா. எல்லோருக்கும் கட்டாயப் பாடம். எழுத்துகள் ஒன்றின் தலைமேல் ஒன்று ஏறி உட்காரும். எது மாடி, எது தரைத்தளம் என்று புரியாமல் நான் பெயிலானேன். அப்பா திட்டவில்லை. "அக்காக்கு ஒரு போன் போடணும்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. "வருஷக் கடைசி வரைக்கும் பொறுப்பா" என்று கெஞ்சினேன்.

பேமாவிடம் போய் நின்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து சொல்லித்தருவதாகச் சொன்னாள். கூலி, தோசை. எங்கேயோ பார்த்திருக்கிறாளாம், சாப்பிட்டதில்லையாம்.

அம்மாவுக்கு இது பெருமையான வேலை. ஆனால் அந்தக் குளிரில் மாவு எங்கே பொங்கும்? கரைத்து வைத்த சுண்ணாம்பு மாதிரி அப்படியே கிடந்தது. முதல் ஞாயிறு பேமா மென்றாள், மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். "உங்க ஊர் ரொட்டி ரொம்பக் கெட்டி" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, அரைப் பாடத்தோடு எழுந்து போய்விட்டாள்.

அம்மாவின் மானம் போயிற்று. அடுத்த சனிக்கிழமை மாவைப் புகாரி பக்கத்தில் வைத்தாள். புகாரி என்பது விறகு போட்டு எரிக்கிற இரும்பு அடுப்பு. வீடு முழுக்க அதைச் சுற்றித்தான் உட்கார்ந்திருக்கும். அதுவும் போதாது என்று, ஆணியில் மாட்டியிருந்த அப்பாவின் கோட்டை எடுத்துப் பாத்திரத்துக்கு மாட்டிப் பொத்தானும் போட்டுவிட்டாள். சாயங்காலம் முகாமில் ஆள் கணக்கெடுக்க எல்லோரும் வரிசையில் நிற்கும் நேரம். அப்பா வந்து கோட்டில் கை வைத்தார்.

"எடுத்தீங்கன்னா மாவு போச்சு. மாவு போச்சுன்னா அவ படிப்பு போச்சு" என்றாள் அம்மா.

அப்பா கோட்டு இல்லாமலே போய் நடுங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். வேலூர்க்கார சுபேதார் ஒருவர் அவரை மேலும் கீழும் பார்த்தாராம்.

"கோட்டு எங்கடா?"

"தோசை மாவு போட்டுனு கீது, சாப்."

வரிசையில் தமிழ் தெரிந்தவர்கள் எல்லோரும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கியிருக்கிறார்கள். சுபேதார் அசையவில்லை. "அப்ப நாளைக்கு நானும் வரேன்" என்றார். சொன்னபடியே வந்தார்.

காலையில் மாவு கோட்டுப் பொத்தானைத் தள்ளிக்கொண்டு பொங்கியிருந்தது. பேமா மிளகாயும் பாலாடைக்கட்டியும் போட்ட குழம்பை வீட்டிலிருந்து கொண்டுவந்து தொட்டுக்கொண்டாள். "ஏன், என் சட்னிக்கு இன்னா கொறச்சல்?" என்று முகத்தைத் திருப்பிய அம்மா, சில வாரங்களில் அந்தக் குழம்பு இல்லாமல் தோசையைத் தொடுவதில்லை. நானும் மாடி எது தரைத்தளம் எது என்று கண்டுபிடித்துவிட்டேன்.

வருஷக் கடைசியில் அப்பா போன் போட்டார். "பாஸுக்கா! பூடான் பாஷையிலயும் பாஸு!" அப்போதுதான் அத்தை போனை என்னிடம் கொடுக்கச் சொல்லி அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

அப்பா இப்போது ஓய்வு பெற்று, ரிச்சர்ட்ஸ் டவுனில் ஓர் அடுக்குமாடியின் வாசலில் காவலுக்கு நிற்கிறார். எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போன அவருடைய லாரி எந்த இரும்புக் கடையில் உடைபட்டதோ. ஹாவில் புகாரிகள் குறைந்து மின்சார ஹீட்டர் வந்துவிட்டதாம். சொன்னது பேமா, பெர்த்திலிருந்து. அவளும் அங்கே இல்லை. அவள் வயதுக்காரர்கள் பாதிப்பேர் ஆஸ்திரேலியாவில். வாத்தியார்களும் போய்க்கொண்டே இருப்பதால் எங்கள் பழைய பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு ஆள் இல்லை என்று சொன்னதும் அவள்தான்.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான். கல்லூரி முடித்து, பி.எட். முடித்து, இங்கேயே ஒரு பள்ளியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். பேமா சொன்ன அந்தக் கணக்கு வேலைக்கு எழுதிப் போட்டேன். வீடியோவில் நேர்காணல் நடந்தது. உள்ளூர்ப் பிள்ளைகளோடு எப்படிப் பேசுவீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். நான் ஜோங்க்காவில் பதில் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கருப்புப் பெட்டியை வாசலில் போட்டு, அப்பாவின் எண், பதவி, பெயர் எல்லாவற்றின் மேலும் கருப்பைப் பூசி, காய்ந்ததும் வெள்ளையில் எழுதினேன். அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். "எழுத்து கோணலா கீது" என்றார். ஆனால் பிரஷ்ஷை வாங்கவில்லை. அந்தப் பக்கமாக வந்த அத்தை, ஈரம் காயாத மூடியைக் குனிந்து பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"இன்னாடி எழுதிக்கீற?"

"என் பேரு அத்தை. கீழ, ஹா."

அத்தை கொட்டாவி விட்டுக் காட்டினாள். பிறகு அவளே சிரித்துவிட்டாள்.

அப்பாவின் கோட்டைப் பெட்டியின் அடியில் மடித்து வைத்தேன். அம்மா மாவுக்கு ஒரு போர்வையைச் சுற்றிவிட்டாள். பெட்டி நேற்றே ரயிலில் போய்விட்டது.