பாவுக் கஞ்சியை மறந்த நாய்கள்

ஆரணியில் எங்கள் தறிக்காரர் தெருவுக்கு வந்து ரேணுகாம்பாள் வீடு எது என்று கேட்டால், எந்த ரேணுகாம்பாள் என்று திருப்பிக் கேட்பார்கள். நாய்ச்சோற்று ரேணுகா என்றால் போதும், சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் விடும். அந்தப் பெயரை முதலில் கேலியாகத்தான் வைத்தார்கள்.

அவள் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். கணவன் தசரதன் பட்டுத்தறி நெய்தான். அவள் அவனுக்கு ஊடை நூலைத் தாராகச் சுற்றிக் கொடுத்தாள். பக்கத்து வீட்டில் அவள் அக்கா செல்லம்மாளும், செல்லம்மாளின் கறவை மாடும் இருந்தார்கள்.

பாவு நீட்டுகிற நாட்களில் தெரு விடியும் முன்பே எழுந்துவிடும். தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பட்டு இழைகளை இழுத்துக் கட்டுவார்கள். இழை விறைப்பாக நிற்பதற்காக அரிசிக் கஞ்சியைத் தடவி, வெயில் சுடுவதற்குள் உலர்த்துவார்கள். மீந்த கஞ்சியைத் தெருக்கோடியில் இருந்த கல்தொட்டியில் நாய்களுக்கு ஊற்றுவார்கள். வாயில்லாத ஜீவனுக்கு ஊற்றினால் புண்ணியம் என்று காலங்காலமாக வந்த வழக்கம். எல்லாரையும்விடத் தாராளமாக ஊற்றியவள் ரேணுகாதான்.

எழுபத்தொன்பதாம் ஆண்டு ஆனி மாதத்தில், அதே தெரு நெசவாளர் ஜெயவேல் தன் மகள் கல்யாணப் புடவைக்கென்று பாவு நீட்டினார். அரக்குச் சிவப்பு. கஞ்சி தடவி முடித்து, டீ குடிக்க அவர் திரும்பியதுதான் தாமதம், செவலை வந்துவிட்டது. குட்டி போட்டிருந்த பெண் நாய். விலாவெலும்பு துருத்தி, முதுகில் முடி கொட்டித் திட்டுத்திட்டாகத் தோல் தெரியும். பாவை நக்கியது. நாக்கோடு பல்லும் பட்டு, நடுப்பாவில் இழைகள் அறுந்து சிக்கலாகிவிட்டன.

ஜெயவேல் போட்ட சத்தத்தில் தெருவே கூடியது.

"பொண்ணு கல்யாணத்துக்குன்னு பாத்துப் பாத்துச் சாயம் போட்ட பட்டு! இன்னா பேஜாரும்மா இது! நாளைக்கே நாய் புடிக்கிற வண்டிக்குச் சொல்லப் போறேன். ஒண்ணு பாக்கி இருக்கக் கூடாது!"

அந்த வண்டியில் ஏறிய நாய் திரும்பி வந்ததில்லை. ரேணுகா செவலையைப் பார்த்தாள். அது ஓடி ஒளியவில்லை. பாவின் அருகிலேயே நின்று, அவளைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. திருடிய நாய் இப்படியா நிற்கும்? இலை போட்டவரைப் பார்க்கிற மாதிரியல்லவா பார்க்கிறது! அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. கல்தொட்டியில் ஊற்றுவதும் அதே கஞ்சி, பாவில் தடவியிருப்பதும் அதே கஞ்சி. வாசனையைக் காட்டிக் காட்டிச் சாப்பிடக் கூப்பிட்டதே இந்தத் தெருதான்.

"மாமா, அது மேல தப்பில்ல. கஞ்சின்னா நமக்குத்தான்னு அது நெனச்சிகினு கீது. நாம ஊத்தினதுதானே?"

"அப்ப இழைக்கும் நாய்க்கும் நானே கண்ணாலம் பண்ணி வச்சேன்னு சொல்றியா?"

கூட்டம் சிரித்தது. ரேணுகா சிரிக்கவில்லை.

"உங்க அடுத்த பாவு வர்ற வரைக்கும் டைம் குடுங்க மாமா. அதுல நாக்கு பட்டா, வண்டிக்காரனுக்கு நானே புடிச்சிக் குடுக்கறேன்."

ஜெயவேல் கோபக்காரரே தவிர கெட்டவரல்ல. புதுப் பட்டுக்குச் சாயம் போட்டு வர எப்படியும் ஆடிக் கடைசி ஆகும். "சரி. ஆனா அன்னிக்கு நாயைக் கட்டிப் போடக் கூடாது. அதட்டவும் கூடாது. அதுவா ஒதுங்கிப் போகணும்" என்றார்.

முதல் வேலை, கல்தொட்டியைக் கவிழ்த்தது. யார் வீட்டில் பாவுக் கஞ்சி மீந்தாலும் அது செல்லம்மாளின் மாட்டுக்கு என்று வீடு வீடாகச் சொன்னாள். "மாடு கொழுத்துடும் போலக் கீதே" என்றார்கள். "கொழுத்தா பால் குடிக்க வாங்க" என்றாள் செல்லம்மாள்.

அடுத்தது, நாய்க்கு என்ன போடுவது? தெரு போட்டதெல்லாம் கஞ்சி, ரசம் சோறு, ஊசிப்போன குழம்பு. உப்பும் புளியும் மிளகாயும் தின்று சொறி பிடித்த நாய்கள். தெருவில் வளர்ந்த நாயும் பூனையும் தானாகத் தேடித் தின்றால் எதைத் தின்னும் என்று ரேணுகா யோசித்தாள். பூனை எலியைத் தின்னும். நாய் எலும்பைக் கடிக்கும். ரசத்தைத் தேடி எதுவும் போனதில்லை.

கறிக்கடைக்குப் போய் நின்றாள். வெட்டி ஒதுக்கிய ஜவ்வும் குடலும் எலும்பும் கேட்டாள்.

"வூட்டுக்கு விருந்தாளியாம்மா?" என்றார் கடைக்கார பாய்.

"ஆமா பாய். எல்லாம் நாலு கால் விருந்தாளி."

பாய் சிரித்துக்கொண்டே இலையில் கட்டிக் கொடுத்தார். மறுநாளிலிருந்து அவரே எடுத்து வைத்தார். களம்பூர் அரிசி மில்லிலிருந்து நொய் வந்தது. கொல்லைப்புறத்தில் கல் கூட்டி, தனிச் சட்டியில் நொய்யும் பூசணியும் முருங்கைக் கீரையும் குழைய வேகவைத்து, உப்பில்லாமல் இறக்கி, கறித்துண்டுகளைக் கலப்பாள். எலும்பை மட்டும் வேகவைக்க மாட்டாள். வெந்த எலும்பு சிலாம்பாக உடைந்து தொண்டையில் குத்தும் என்பது அவள் கண்ணால் பார்த்தது. மீன் தலையெல்லாம் அவள் வீட்டுப் பூனை வெள்ளச்சிக்கு. சோறு போட்டால் பூனை எலி பிடிக்காது என்று தெருவே சொன்னது. வயிறு நிறைந்த வெள்ளச்சியோ, தறிக்குழி ஓரத்தில் தெம்பாக உட்கார்ந்து முன்னைவிட நன்றாகவே எலி பிடித்தது.

சோறு வைக்கிற இடம் தெருவில் இல்லை. ஆற்றங்கரைப் புங்கமரத்தடி. நேரம், பாவு நீட்டுகிற அதே விடியற்காலை. கூடையோடு அவள் போகும்போது பின்னால் ஒரு நாய் ஊர்வலமே போகும். "நாய்ச்சோற்று ரேணுகா போயிகினு கீறா பாரு" என்று கேலி பேசினார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஆடி பாதியில் செவலையின் முதுகில் புது முடி அரும்பியது. விலாவெலும்பு மறைந்தது.

ஆடிக் கடைசியில் பாவு நீட்டினார்கள். அதே அரக்குச் சிவப்பு. ஜெயவேல் கையில் தடியோடு நின்றார். அன்று காற்று ஆற்றுப் பக்கம் அடித்தது. கஞ்சி வாசனை நேராகப் புங்கமரத்தடிக்கே போயிற்று. சோறு வைத்துவிட்டு வந்த ரேணுகா, தன் வாசலில் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். கூப்பிடக் கூடாது, அதட்டக் கூடாது.

செவலை வந்தது. பின்னால் குட்டிகள் மூன்று. (நான்கு என்று சிலர் சொல்வார்கள், அது தவறு.) பாவின் பக்கத்தில் வந்து மூக்கைத் தூக்கியது. ஜெயவேலின் தடி உயர்ந்தது. செவலை கஞ்சியை மோந்தது. பிறகு, எப்போதோ காலி செய்த வீட்டைப் பார்த்ததுபோலத் தலையைத் திருப்பிக்கொண்டு, உதட்டை நக்கியபடி நிழலில் போய்ப் படுத்தது. குட்டிகளும் போய் அதன் மேல் விழுந்தன.

அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ ஒரு கிடா ஆடு வந்து பாவை நோக்கி வாயை நீட்டியது. எல்லாரும் நாயையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஆட்டைக் கவனிக்கவில்லை. செவலை கவனித்தது. ஒரே பாய்ச்சல், கிடா தெருக்கோடி தாண்டி ஓடியது. செவலை திரும்பி வந்து, விட்ட இடத்திலேயே படுத்தது.

தெரு கைதட்டியது. செல்லம்மாள் விசிலே அடித்தாள். அவளுக்கு விசிலடிக்கத் தெரியும் என்பது அன்றுதான் புருஷனுக்கே தெரிந்தது. ஜெயவேல் தடியைக் கீழே போட்டார்.

"ஏம்மா ரேணுகா, அந்த ஆட்டுக்கும் ஒரு இலை போட்டுடேன்."

"அது ஆட்டுக்காரங்க பாடு மாமா. நாய்ங்கதான் நம்ம வூட்டு ஆளுங்க."

ஐப்பசியில் கல்யாணம் நடந்தது. மணப்பெண் அந்தப் புடவையில் வந்து நின்றபோது ஓர் இழைகூடப் பிசிறில்லை. தெருவில் சொறி நாய் என்ற பேச்சே எண்பதுகளில் இல்லாமல் போயிற்று. கல்தொட்டியை யாரும் நிமிர்த்தவில்லை. நொய் இன்று ஒரு வீடு, நாளை ஒரு வீடு என்று முறை வைத்துக் கொடுத்தார்கள். பெரிய பங்கு ஜெயவேல் வீட்டிலிருந்து வந்தது.

அதன்பின் யார் பாவு நீட்டினாலும், கஞ்சிச் சட்டியில் கை வைக்கும் முன் ஆற்றங்கரைப் பக்கம் திரும்பி உரக்க ஒரு கேள்வி கேட்பார்கள்.

"ரேணுகா, நம்ம ஆளுங்க சாப்ட்டாச்சா?"

அவள் "ஆச்சு!" என்று சொன்ன பிறகுதான் அந்தத் தெருவில் பாவுக்குக் கஞ்சி ஏறியது.