நாலு வீதிச் சதுரம்

என் மனைவியின் தம்பி சிதம்பரத்தில் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. அதற்கு முன்பு பத்து வருடமாக மஞ்சக்குப்பம் மைதானத்தில் காலையில் நான் ஓடிக்கொண்டிருந்தேன். யாரும் கண்டுகொண்டதில்லை. எனக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை. ஓடிவிட்டு வந்தால் மனசு லேசாக இருக்கும், அவ்வளவு போதும்.

பரங்கிப்பேட்டை நண்பர் ஒருவர் துபாயிலிருந்து அவனுக்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச் கொண்டுவந்து கொடுத்தார். எவ்வளவு தூரம், என்ன வேகம், எந்த வழி என்று எல்லாம் போனில் வந்துவிடும். கோயிலைச் சுற்றி நாலு வீதியிலும் ஓடுகிறவன் என்பதால் அவன் வழி அழகான சதுரமாக வரும். தினமும் அதைக் குடும்ப குரூப்பில் போடுவான்.

"தம்பி ஒரு கிலோமீட்டர ஆறு நிமிஷத்துல ஓடிட்டான் பாருங்க" என்று மனைவி போனை என் மூக்குக்கு நேரே நீட்டுவாள். எனக்கு ஏழு நிமிடம் ஆகும்.

புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையாக நானும் ஒரு வாட்ச் வாங்கினேன், அவனுடையதைவிட ஒரு படி உசத்தியாக. என் வழி சின்னக் குழந்தை கிறுக்கியதுபோல வந்தது. ஏழு ஆறாகவில்லை. மணிக்கட்டில் அது அதிரும்போதெல்லாம் அவன் முகம்தான் ஞாபகம் வந்தது. முழங்கால் வலிக்க ஆரம்பித்தது. மூன்றே மாதத்தில், அலாரம் அடித்தாலே எரிச்சலாக இருந்தது.

போன மாதம் மாமியார் வீட்டுக்குப் போயிருந்தபோது, "காலைல சேந்து ஓடலாமா மாமா?" என்று அவனே கேட்டான். இதற்காகத்தானே காத்திருந்தேன்.

கீழவீதியில் புறப்பட்டோம். கோபுரத்துக்கு நேரே வந்ததும் அவன் நின்றான். ஷூவைக் கழற்றி, கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டான். நான் நிற்கவில்லை. நாலு வீதியையும் ஒரே மூச்சில் சுற்றி முடித்துவிட்டு, மூடியிருந்த ஒரு கடைப்படியில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஒவ்வொரு கோபுரத்திலும் நின்று கும்பிட்டுவிட்டு அவன் நிதானமாக வந்து சேர்ந்தான். அவன் வாட்சில் கிலோமீட்டருக்கு ஆறு. என்னுடையதில் ஏழு.

அவன் வாட்சை வாங்கி, நின்றும் நடந்தும் பார்த்தேன். ஆள் நின்றால் அதுவும் தானாக நின்றுவிடுகிறது, நகர்ந்தால்தான் மறுபடி ஓடுகிறது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

"நீ சாமி கும்புடுற நேரம் கணக்குலயே வரல, மச்சான்."

அவன் முகம் வாடும் என்று பார்த்தேன்.

"அப்படியா மாமா? நான் அதெல்லாம் பாக்கறதே இல்ல. கட்டம் நல்லா இருக்கேன்னுதான் போடறேன்" என்று சிரித்தான். "இன்னொரு சுத்து போலாமா?"

முழங்காலைக் காட்டினேன். வாட்சை வாங்கிக் கட்டிக்கொண்டு அவன் மட்டும் போனான். தெரிந்தவர்களுக்குக் கையசைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் ஓடினான். இத்தனை நாள் எரிந்ததைவிட ஜாஸ்தியாக எரிந்தது. பத்து வருடம் நானும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தேன்.