போய்விட்ட சனிக்குச் சொன்ன மந்திரம்

போன மாதம் ஒரு சிநேகிதியின் வீட்டுக்குப் போயிருந்தேன். சுவாமி அறையில் சவர்க்காரப் பெட்டி அளவில், கைக்குள் அடங்கும் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, சனீஸ்வரனின் மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. மகனுக்கு ஏழரைச் சனியாம். "நாங்கள் வேலைக்குப் போனாலும் அது தன்ரை பாட்டிலை சொல்லிக்கொண்டிருக்கும்" என்றாள். கெட்டிக்காரப் பெட்டிதான். மூச்சு வாங்கவில்லை, இருமவில்லை, நடுவில் நிறுத்திக் காகத்தை ஏசவுமில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருக்க, எரிந்த எள்ளின் மணம் எங்கிருந்தோ வந்து என் மூக்கில் நின்றது.

அம்மா மந்திரம் சொல்வதைக் கேட்டிருந்தால் உங்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். நல்லூரில் எங்கள் வீடு. விடியக் குளித்து, ஈரத்தலையோடு விளக்கின் முன்னால் இருந்து தொடங்குவார். "சனீஸ்வராய நம, சனீஸ்வராய நம, பிள்ளை அடுப்பைப் பார், சனீஸ்வராய நம, உவன் பால்காரன் வந்திட்டான் போலை..." கிரகத்துக்கும் பால்காரனுக்கும் ஒரே குரல்தான். நான் அப்போது ஒரு ரியூட்டரியில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எதற்கும் நிறுவல் கேட்கிற வயது. "அடுப்பையும் பால்காரனையும் கணக்கிலை சேர்க்கிறனீங்களோ?" என்று கேட்டால், மந்திரத்தை நிறுத்தாமலே கண்ணால் என்னை எரித்துவிடுவார்.

மந்திரம் அப்பாவுக்காக. அவர் ரயில் நிலையத்தில் கிளார்க்காக இருந்தவர். சண்டையால் ரயில் நின்றுபோனபின் வீட்டில் இருந்தார். ஒருநாள் கண் டொக்டர் அவரைப் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் அமுக்கம் கூடிவிட்டது, கொழும்புக்குப் போய்ச் சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டு வரும், போன பார்வை திரும்பாது என்றார். அந்த நாளில் கொழும்புக்குப் போவதென்றால் கிளாலியில் வள்ளமேறிக் கடல்நீரேரியைக் கடக்கவேண்டும். வள்ளங்களைக் கடற்படை சுடும். போனவர்களில் சிலர் போய்ச் சேரவில்லை.

அம்மா அப்பாவின் சாதகத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் சாத்திரியாரிடம் ஓடினார். அவர் பார்த்துவிட்டு, "அட்டமத்துச் சனி. இந்த நேரத்திலை தண்ணி கடக்கப்படாது. சனி மாறுமட்டும் பொறுங்கோ, மந்திரம் சொல்லுங்கோ" என்றார். சனி ஓரிராசியில் இரண்டரை வருடம் இருப்பார். கண் அவ்வளவு நாள் இருக்குமா என்று சாத்திரியாரிடம் யாரும் கேட்கவில்லை.

சாதகத்துக்கு உரியவர்தான் மந்திரம் சொல்லவேண்டுமாம். "சனியனை நானேன் கும்பிட?" என்றார் அப்பா. அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். அன்றிலிருந்து அந்தச் சொல் எங்கள் வீட்டில் தடை. அப்பா சனிக்கு விருந்தாளி என்று பெயர் வைத்தார். "இஞ்சேரும், உம்மடை விருந்தாளி எப்ப வெளிக்கிடுறாராம்?" என்று கேட்பார். அவருக்குப் பதிலாக அம்மாவே சொல்லத் தொடங்கினார். சனிக்கிழமைகளில் கறுப்புத் துணியில் எள்ளை முடிந்து நல்லெண்ணெயில் எரிப்பார். மண்ணெண்ணெய்க்கே வழியில்லாத காலத்தில் நல்லெண்ணெய் எப்படிக் கிடைத்ததென்று இன்றும் எனக்குத் தெரியாது. காகத்துக்கு வைக்காமல் யாரும் சாப்பிட முடியாது. எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் யாரோ ஒருவருக்குச் சனி நடந்துகொண்டிருந்தது. மனிதர் மெலிந்துபோன அந்தக் காலத்தில் காகங்கள் மட்டும் நன்றாகக் கொழுத்திருந்தன.

அப்பா முதலில் கதவு நிலையில் தோளை இடித்தார். பிறகு சைக்கிள் ஓடுவதை விட்டார். பிறகு பேப்பரை என்னை வாசிக்கச் சொன்னார். போகலாமா என்ற பேச்சை எடுத்தாலே அம்மா செய்கிற வேலையைப் போட்டுவிட்டு விளக்கின் முன்னால் போய் இருந்துவிடுவார்; அதைப் பார்த்ததும் அப்பா பேச்சை மாற்றிவிடுவார். அம்மா பயந்தது சனிக்கல்ல, அந்தத் தண்ணீருக்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன். தண்ணீருக்குப் பரிகாரம் இல்லை. சனிக்கு இருந்தது.

சாத்திரியார் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போய்விட்டார். சனி எப்போது மாறும் என்று உறுதியாகக் கேட்க வேறு ஆள் வேண்டும். நீர்வேலியில் வாழைத்தோட்டத்துக்கு நடுவே இன்னொருவர் இருந்தார். அம்மாவைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் சாதகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவர் எங்கை பிறந்தவர்?" என்று கேட்டார்.

"மலாயாவிலை, சிரம்பானிலை. என்ரை மாமனார் அங்கை வேலை செய்தவர்" என்றார் அம்மா.

அவர் ஏதோ கணக்குப் போட்டார். பிறகு, நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு நிமிர்ந்தார். "மலாயா மணிக்கூட்டு நேரத்தை இஞ்சத்தை நேரமெண்டு வைச்சுக் கணிச்சிருக்கினம். நட்சத்திரம் சரி, இராசிதான் பிழை. மிதுனமில்லை, இடபம். அட்டமத்துச் சனி நீங்கள் மந்திரம் தொடங்க முந்தியே கழிஞ்சுபோச்சு, அம்மா. பயப்பிட ஒண்டுமில்லை."

அம்மா வீட்டுக்கு வந்து, கதிரையில் இருந்த அப்பாவின் காலடியில் நிலத்தில் இருந்தார். "உங்கடை சாதகம் பிழையாம். சனி எப்பவோ போட்டாராம். நான்தான் உங்கடை கண்ணைப் பறிச்சன்" என்றார். அப்பா, "அப்ப இவ்வளவு நாளும் ஆருக்குச் சொன்னனீர்?" என்று பகிடியாகக் கேட்டபடி கையால் அம்மாவின் தலையைத் தேடினார். டொக்டரிடம் கூட்டிப்போனோம். இனிப் போய்ப் பலனில்லை என்றார் அவர். எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. சாதகம் கணித்தவர் நான் பிறக்கமுன்பே செத்துப்போனவர்.

மறுநாள் விடிய வீட்டில் மந்திரம் இல்லை. அப்பா கிணற்றடிக்குப் போயிருந்தார். கொஞ்சம் பொறுத்து அங்கிருந்து அவருடைய சத்தம் கேட்டது.

"இஞ்சேரும்! ஏன் இண்டைக்குச் சத்தத்தைக் காணேல்லை? நான் எந்தப் பக்கத்தாலை வாறது?"

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. எத்தனையோ மாதமாக அவர் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் கிணற்றடியிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்திருக்கிறார். அம்மா குசினி வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சனீஸ்வராய நம" என்று தொடங்கினார். வேறெதுவும் அவர் வாயில் வரவில்லை. அன்றிலிருந்து அப்பா எழுந்து நடக்கும்போதெல்லாம் அம்மா அதைச் சொன்னார். பரிகாரம் கேட்க மேலே யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டே சொன்னார். அதைப் பகிடி பண்ண எனக்கு மனம் வரவில்லை.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்கிவர, எங்கள் வலிகாமம் முழுவதும் எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. நாவற்குழிப் பாலத்தடியில் மழை. கால் வைக்க இடமில்லாத சனம். நான் மூட்டை கட்டிய சைக்கிளை உருட்டினேன். அம்மாவின் இரண்டு கையிலும் சாமான். அப்பா அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். ஒரு நெரிசலில் தலைப்பு கைநழுவிவிட்டது. திரும்பிப் பார்த்தால் அப்பா இல்லை.

அம்மா பெரிய சத்தமாக மந்திரத்தைச் சொல்லத் தொடங்கினார். அதுதான் பிழையாகிப்போனது. பயந்துபோயிருந்த சனம் அதைக் கேட்டுத் தானும் சேர்ந்துகொண்டது. முன்னாலும் பின்னாலும் ஆணும் பெண்ணுமாக எல்லோரும் "சனீஸ்வராய நம" என்றார்கள். அந்தச் சத்தத்துக்குள் அப்பா எந்தக் குரலைப் பிடிப்பார்? அம்மா மந்திரத்தை நிறுத்தினார். பிறகு கத்தினார்.

"கனகசபை! கனகசபை!"

என் அம்மாவின் தலைமுறையில் புருசன் பெயரை மனைவி சொல்வதில்லை. கோயிலில் ஐயர் கேட்டாலும் பக்கத்தில் நிற்பவர்தான் சொல்லவேண்டும். நான் அந்தப் பெயரை அவர் வாயில் அதற்குமுன் கேட்டதே இல்லை. சனத்துக்குள்ளிருந்து பதில் வந்தது.

"ஓம், ஓம், வாறன்."

சில கிழமைகளில், நாங்கள் தங்கியிருந்த பள்ளிக்கூட வகுப்பறையில், அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மா தலைமாட்டில் இருந்து "இஞ்சருங்கோ, இஞ்சருங்கோ" என்றுதான் அழுதார். பெயரைச் சொல்லவில்லை. நல்லூரில் அந்த வீடு இப்போது இல்லை. கிணற்றைத் தூர்த்து மேலே மாடிவீடு கட்டிவிட்டார்கள். அம்மாவும் இல்லை. இன்றைய பெண்கள் புருசனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். என் மகளும் அப்படித்தான். உப்பு முடிந்தாலும் கூப்பிடுவாள். நல்லதுதான். ஆனால், வாழ்நாளெல்லாம் சொல்லாமல் வைத்திருந்து, தொலைந்துபோன ஒருவரைத் திருப்பி எடுக்க ஒரேயொரு தரம் சொன்ன அந்தக் குரல் எனக்குக் கேட்கவேண்டும்போல் இருக்கிறது.