கிராம்பு வாசம் வந்த ரொட்டி

சில வருடங்களுக்கு முன்பு, குற்றால சீசன் நேரம். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையில் பேக்கரி வைத்திருக்கிறேன். சாரல் அடித்தால் ஊருக்கே சந்தோஷம், எனக்கு எரிச்சல். அந்த ஈரக் காற்றில் ரொட்டி சீக்கிரமே பச்சை பூத்துவிடும். குப்பையில் கொட்டும்போது எதிரே யார் வந்தாலும் என்னிடம் திட்டு வாங்காமல் போகமுடியாது.

அப்படி ஒரு காலையில் ஆராய்ச்சி படிக்கும் பெண் ஒருத்தி வந்தாள். கையில் கண்ணாடித்தாள் போல ஓர் உறை. கிராம்பு எண்ணெய் கலந்து அவளே செய்ததாம். அதில் சுற்றினால் ரொட்டியில் பூஞ்சை பிடிக்காதாம். ஆய்வகத்தில் சரியாக வந்துவிட்டது. கடையில் வைத்துப் பார்த்து, சாப்பிடுகிறவர்களிடம் கருத்துக் கேட்டால் பட்டத்துக்கான வேலை முடிந்துவிடும். மற்ற கடைகளில் விரட்டிவிட்டார்கள். நானும் விரட்டத்தான் வாயைத் திறந்தேன். குப்பைக்கூடையைப் பார்த்துவிட்டுச் சரி என்றேன்.

ஒரே ஈட்டில் வெந்த ரொட்டி. பாதியை வழக்கமான கவரில் போட்டேன், பாதியை அவள் உறையில் சுற்றினாள். என்னுடையது பச்சை பூத்த பிறகும் அவளுடையது அப்படியே இருந்தது. எனக்கே ஆச்சரியம்.

பிறகு, கடைக்கு வந்தவர்களிடம் விஷயத்தைச் சொல்லி, சம்மதித்தவர்களுக்குத் தன் உறையில் இருந்த ரொட்டியில் ஆளுக்கொரு துண்டு கொடுத்தாள். தினமும் டீக்கு வரும் ஆட்டோக்காரர் ஒரு கடி கடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது ரொட்டிக்கடையா, பல்லாஸ்பத்திரியா?"

கடையே சிரித்தது. சிலர் துப்பினார்கள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மதியம் அவளுடைய பேராசிரியர் நேரில் வந்து, எப்படி இருந்தது என்று என்னிடம் கேட்டார். எல்லாரும் விரும்பித் தின்றார்கள், இன்னும் கேட்கிறார்கள் என்று அடித்துவிட்டேன். அவள் குறுக்கே பேசினாள்.

"இல்ல சார். பூஞ்சை வரல, அது நெசம். ஆனா யாருமே ரெண்டாவது துண்டு எடுக்கல. நான் பாவம்னு அண்ணாச்சி சொல்லுதாவ."

எண்ணெயைக் குறைத்து முதலிலிருந்து செய் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அந்த வருடம் பட்டம் இல்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா? வாய மூடிட்டு இருந்தா என்ன?"

"நாளைக்கு நீங்க இதுல ரொட்டியச் சுத்தி வச்சா, யாராவது வாங்குவாவளா அண்ணாச்சி?"

கல்லாவைத் திறந்து சில்லறையை எண்ணத் தொடங்கினேன்.

அடுத்த சாரலுக்கு வேறு உறையோடு வந்தாள். பூஞ்சை வரத்தான் செய்தது, ஆனால் என் கவரைவிடத் தாமதமாக. ஆட்டோக்காரர் மென்றுகொண்டே, வாசம் இருக்கிறது, ஆனாலும் தின்னலாம் என்றார். இரண்டாவது துண்டும் எடுத்தார். எல்லாவற்றையும் அப்படியே எழுதிக்கொண்டு போனாள்.

முகத்துக்கு நேரே பேசுகிறவன் என்று எனக்கு ஊரில் பெயர். அடுத்தவன் குறையைச் சொல்லக் கோபம் போதும். தனக்கு நட்டம் வரும் உண்மையைத் தானே சொல்ல அந்தப் பிள்ளையிடம் இருந்த துணிச்சல் வேண்டும், அது என்னிடம் இருக்கிறதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.