புதுத் திரைச்சீலையின் மறுபக்கம்

ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை. பாபடோயிட்டோய் என்ற புறநகரில் நாங்கள் ஆசைப்பட்ட வீட்டின் முற்றத்திலேயே ஏலம் நடந்தது. பட்டுத் துணியில் கத்தரி வைப்பதைப் போலத்தான் இங்கே ஏலமும். சுத்தியல் விழுந்தபின் பின்வாங்க முடியாது. அது தெரிந்தும், கட்டட ஆய்வாளரை அழைக்காமலே போயிருந்தோம். என் கணவர் விலை கேட்டுக்கொண்டிருந்தார். படபடப்புத் தாங்காமல் நான் கடைசியாக ஒருமுறை உள்ளே போனேன்.

நான் சேலைச் சட்டை தைத்துக் கொடுப்பவள். எந்தத் துணியையும் புரட்டிப் பார்ப்பது என் பழக்கம். படுக்கையறையின் புதுத் திரைச்சீலையைப் புரட்டினேன். உள்துணி முழுவதும் கரும்பூஞ்சை. பின்னாலிருந்த சுவரைத் தொட்டேன். புதுப் பெயின்டுக்குள் விரல் அமிழ்ந்தது.

வெளியே ஓடிவந்தேன். வேறொருவர் கேட்ட விலைக்கு இரண்டாம் தரம் கூவியிருந்தார்கள். இவர் கை உயர்ந்தது. பிடித்து இழுத்தேன்.

"விடுமப்பா! வீடு போகப்போகுது!"

"போகட்டும். இஞ்சேருங்கோ, சுவரெல்லாம் ஊறிப்போய்க் கிடக்குது!"

சுத்தியல் விழுந்தது. அவர் என் கையை உதறிவிட்டுக் காருக்கு நடந்தார்.

குளிர்காலத்தில் அந்தத் தெருவால் போனோம். வாங்கியவர்கள் சுவரைப் பிரித்து, உக்கிய மரச்சட்டங்களை முற்றத்தில் குவித்திருந்தார்கள். இவர் காரை நிறுத்தி நெடுநேரம் பார்த்தார்.

இப்போது ஆய்வாளர் பார்த்துச் சொல்லாமல் நாங்கள் எந்த ஏலத்துக்கும் போவதில்லை. வீடு பார்க்கப் போனால், எனக்கு முன்பே திரைச்சீலையைப் புரட்டுபவர் அவர்தான்.